ஒரு விரற்கடைத் தசை

விடியற்காலை நாலேகால் மணிக்கெல்லாம் அறுப்புக்கூடத்து வாசலில் நிற்பேன். கையில் திரவ நைட்ரஜன் குடுவை. பைக்குள் எண் எழுதிய சிறு குப்பிகள், கத்தரி, இடுக்கி, ஒரு பெட்டி கையுறை. பன்றியின் இரத்தம் வடிந்து, மயிர் நீங்கி, முதுகு திறந்ததும் அறுப்புக்காரப் பெரியவர் "வா தாயி" என்று குரல் கொடுப்பார். கடைசி விலா எலும்புக்கு நேரே, முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீள்தசையில் ஒரு விரற்கடைக்கு வெட்டி எடுப்பேன். கொழுப்பையும் சவ்வையும் களைந்து, மொச்சைக் கொட்டை அளவுக்கு நறுக்கி, குப்பியில் அடைத்து, மைனஸ் 196 டிகிரிக் குளிருக்குள் இறக்குவேன். வெட்டு விழுந்ததிலிருந்து குப்பி மூழ்கும்வரை ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு.

ஒரு நாள் பெரியவர் கேட்டார். "இத்தினியூண்டு கறிக்கு எதுக்குத் தாயி இந்த ஓட்டம் ஓடுற? கறி எங்கயும் போயிறாது."

"கறி போகாதுங்க ஐயா. அதுக்குள்ள இருக்கிற சேதி போயிரும்" என்றேன். அவருடைய ஊரில் ஏரி உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார். அதை வைத்தே விளக்கினேன். ஏரியில் தண்ணீர் ஒன்றுதான். எந்த மதகு எப்போது திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த வயல் நனையும், எது காயும் என்பது முடிவாகும். உயிரணுவில் இருக்கும் டி.என்.ஏ. ஏரி மாதிரி. பன்றியின் கண்ணிலும் ஈரலிலும் முதுகுத் தசையிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். தசையில் சில மரபணுக்களின் மதகு திறந்திருக்கும், ஈரலில் வேறு சில. திறந்த மதகிலிருந்து வாய்க்காலில் ஓடிவருவது ஆர்.என்.ஏ. அதை அளந்தால்தான் அந்த நேரத்தில் அந்தத் தசையில் எந்த மரபணு வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரியும். உயிர் போனதும் வாய்க்கால் வற்றத் தொடங்கிவிடும். நம் விரல் வியர்வையில்கூட ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதனால்தான் அந்த ஓட்டமும், அந்தக் கையுறையும்.

"அப்ப நீ வாய்க்கால் தண்ணிய அளக்க வந்தவ" என்றார் பெரியவர். மரபணு வெளிப்பாடு என்று நான் படித்த சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கத்தை இதுவரை கேட்டதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது பன்றியால் அல்ல, செம்மறியால். அப்பா மேச்சேரி ஆடு வைத்திருந்தார். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்து மானாவாரி நிலத்துக்கென்றே அமைந்த இனம் அது. குட்டை மயிர், வெளிர் பழுப்பு நிறம், கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. சந்தைக்குப் போனால் வியாபாரிகள் ஆட்டின் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். அந்த ஒரு பிடியில் கறி எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார்கள். பிற்பாடு நான் கத்தி வைத்த அதே நீள்தசை.

அப்பாவிடம் ஒரு கிடா இருந்தது. ஆளைப் பார்த்தால் சுமார். வியாபாரி யாரும் அதன் இடுப்பை இரண்டாவது முறை பிடித்ததில்லை. ஆனால் அதற்குப் பிறந்த குட்டிகள் மூன்றாம் மாதத்தில் திரண்டு நிற்கும். "கிடா பார்க்கச் சுமார்தான் சாமி. அதுக்குப் பொறந்ததுகளைப் பாரு. தன்கிட்ட இல்லாததை எங்கிருந்து குடுக்குது?" என்று அப்பா கேட்டார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனேன். முதுகலையில் விலங்கின மரபியலை எடுத்தேன். அங்கே எனக்குக் கிடைத்த ஆய்வுப் பொருள் பன்றி. வெள்ளை யார்க்‌ஷயரும் நாட்டுக் கறுப்புப் பன்றியும் அவற்றின் கலப்பினமும். வீட்டில் அம்மா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அப்பா மட்டும், "உசுரு உசுருதான். போய் ஒழுங்காப் படி" என்றார்.

*

முதல் ஆண்டு முழுவதையும் ஒரு தவறில் தொலைத்தேன். இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளிடம் முதலில் நான் சொல்வது அதைத்தான்.

தசைத் துண்டை நைட்ரஜன் ஊற்றி உரலில் பொடிக்க வேண்டும். ஈரல் பொடிவது போலத் தசை பொடியாது. நாரும் புரதமும் பின்னிக் கிடக்கும். பொடியை ஃபீனால் கலந்த கரைசலில் கரைத்து, குளோரோஃபார்ம் சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் கீழே இளஞ்சிவப்பு, நடுவே வெண்படலம், மேலே தெளிந்த நீர் என மூன்றாகப் பிரியும். அந்தத் தெளிநீரை, நடுப்படலம் கலங்காமல், பைப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். கை நடுங்கினால் அன்றைய வேலை போச்சு. ஆல்கஹால் சேர்த்துப் படிய வைத்தால் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெண்புள்ளி. ஆர்.என்.ஏ. அதுதான். ஜெல்லில் ஓடவிட்டால் இரண்டு கோடுகள் தெளிவாக நிற்க வேண்டும். இழுகிய கறை தெரிந்தால் அந்த மாதிரி கெட்டுப்போயிற்று என்று பொருள்.

பிறகு அதை டி.என்.ஏ. வடிவத்துக்கு மாற்றி, நிகழ்நேர பி.சி.ஆர். கருவியில் வைத்து, எத்தனையாவது சுற்றில் ஒளிர்கிறது என்று பார்க்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் அளவு இரட்டிப்பதால், ஒரு சுற்று முந்தி ஒளிர்ந்தால் இரண்டு மடங்கு இருந்தது என்று கொள்ளலாம். லிவாக், ஷ்மிட்கன் என்ற இருவர் 2001-இல் எழுதிய கணக்குமுறை அது. இன்றும் உலகம் முழுக்க அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு குழாயில் போட்ட ஆர்.என்.ஏ. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதைச் சரிக்கட்ட, எல்லாத் தசையிலும் மாறாமல் வெளிப்படும் ஒரு மரபணுவைப் படிக்கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் வைத்தார்கள் என்று நானும் ஜி.ஏ.பி.டி.எச். என்ற மரபணுவை வைத்தேன்.

முடிவு பிரமாதமாக வந்தது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணு மயோஸ்டேட்டின். அது நாட்டுப்பன்றியைவிட வெள்ளைப்பன்றியின் முதுகுத் தசையில் பாதியளவே வெளிப்படுவதாகக் கணக்கு காட்டியது. கலப்பினம் நடுவில் வந்து உட்கார்ந்தது. வெள்ளைப்பன்றி ஏன் பெருக்கிறது, நாட்டுப்பன்றி ஏன் பெருக்கவில்லை என்பதற்கு நானே விடை கண்டுவிட்டதாக நினைத்தேன். அன்று இரவு வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடம்கூடச் சொன்னேன்.

என் வழிகாட்டி அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஜி.ஏ.பி.டி.எச். உடம்புல என்ன வேலை பார்க்குதும்மா?"

சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையில் அது ஒரு நொதி. கேள்வி விழுந்ததும் எனக்கு வயிறு கலங்கியது. தசை இழைகளில் சிவப்பு உண்டு, வெள்ளை உண்டு. சிவப்பு இழை உயிர்வளியைக் கொண்டு மெதுவாக, நெடுநேரம் உழைக்கும். வெள்ளை இழை சர்க்கரையை உடைத்துச் சட்டென்று சுருங்கும், சீக்கிரம் தளரும். வேகமாகக் கறி போடும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களின் முதுகுத் தசையில் வெள்ளை இழைதான் மிகுதி. அப்படியானால் ஜி.ஏ.பி.டி.எச். அங்கே இயல்பாகவே கூடுதலாக இருக்கும். கனத்த படிக்கல்லை வைத்து நிறுத்தால் பண்டம் குறைவாகத்தானே காட்டும்? குறைந்தது மயோஸ்டேட்டின் அல்ல. என் படிக்கல்தான் கனத்திருந்தது.

ஒரு படிக்கல்லை நம்பாமல் பலவற்றைச் சோதித்து, உண்மையில் மாறாதவை எவை என்று பார்த்து எடுக்க வேண்டும் என்று 2002-லேயே எழுதிவிட்டார்கள். நான் படித்திருந்தேன். செய்யவில்லை. மூன்று மரபணுக்களைத் தேர்ந்து எல்லா மாதிரிகளையும் திரும்ப ஓட்டினேன். அந்தப் பாதியளவு வித்தியாசம் மறைந்துபோனது. திரும்ப ஓட்டுவதற்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதத்துக்காக நான் வருந்தவில்லை. தவறான முடிவோடு ஒரு கட்டுரை என் பெயரில் வெளியே போயிருந்தால் வாழ்நாள் முழுக்க வருந்தியிருப்பேன்.

*

வித்தியாசம் அறுப்புக்கூடத்தில் இல்லை என்றால் வேறெங்கே? தேடிக்கொண்டே பின்னால் போனேன். ஆறுமாதப் பன்றியிலிருந்து, அப்போதுதான் பிறந்த குட்டிக்கு, அங்கிருந்து கருவுக்கு.

கறி என்று நாம் தின்பது பெரும்பாலும் தசை இழைகள். குட்டி பிறந்த பிறகு இழைகளின் எண்ணிக்கை அநேகமாகக் கூடுவதில்லை. இருக்கும் இழை தடிக்கிறது, நீள்கிறது, அவ்வளவுதான். தடிப்பதற்கு இழையை ஒட்டிக் கிடக்கும் சாட்டிலைட் செல்கள் உதவுகின்றன. அவை பிரிந்து பெருகி, இழையோடு கலந்து, புதிய உட்கருக்களைக் கொடுக்கின்றன. இந்தச் செல்களை 1961-இல் மௌரோ என்பவர் தவளைத் தசையில் மின்னணு நுண்ணோக்கியால் கண்டார். ஆனால் எத்தனை இழை என்பது தாய்வயிற்றிலேயே முடிந்துபோன கணக்கு.

பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று சொல்வோம். 114 நாள். ஏறத்தாழ 35-ஆம் நாளில் முதல்நிலை இழைகள் உருவாகத் தொடங்குகின்றன. 55-ஆம் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு முதல்நிலை இழையையும் சாரமாகப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி இரண்டாம்நிலை இழைகள் எழுகின்றன. பந்தக்காலைச் சுற்றிக் கொடி ஏறுவதுபோல என்று நினைத்துக்கொள்ளலாம். 90-ஆம் நாள் வாக்கில் எல்லாம் ஓய்ந்துவிடும். மிஃப்-5, மயோ-டி, மயோஜெனின் என்ற மரபணுக்கள் வரிசைப்படி மதகைத் திறந்து மூடுவது இந்த நாட்களில்தான். நான் ஆறு மாதம் கழித்து அறுப்புக்கூடத்தில் நின்று அளந்தபோது அந்த வாய்க்கால்கள் என்றோ வற்றிவிட்டிருந்தன.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை எடுத்து இழைகளை எண்ணிப் பார்த்தேன். உறைந்த தசையை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்தால் இழைகள் தேன்கூட்டு அறைகளைப் போலத் தெரியும். ஒன்றரைக் கிலோக் குட்டியையும் முக்கால் கிலோ நோஞ்சானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினேன். ஒரே அப்பன், ஒரே ஆத்தாள், ஒரே நாளில் பிறந்தவை. நோஞ்சானில் முதல்நிலை இழைகள் பெரிதாகக் குறையவில்லை. இரண்டாம்நிலை இழைகள் குறைந்திருந்தன. கருப்பையில் இடம் சரியாக வாய்க்காமல், நஞ்சுக்கொடி வழியாக உணவு போதாமல் போன குட்டி அது. பிறந்த பிறகு அதற்கு எவ்வளவு போட்டாலும் இழை கூடாது. கொழுப்புதான் கூடும்.

இதைக் கண்ட பிறகு நான் வளர்ப்பவர்களிடம் பேசும் முறையே மாறிவிட்டது. நம் ஊரில் சினைப்பன்றியைக் கடைசி மாதத்தில்தான் கவனிப்பார்கள். குட்டியின் எடை அப்போதுதான் ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் இழைக்கணக்கு அதற்கு முன்பே, இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே முடிகிறது. வயிறு வெளியே தெரியாத காலம் அது. 'இன்னும் சும்மாத்தானே கிடக்குது' என்று ஓட்டல் கழிவை மட்டும் ஊற்றிவிட்டுப் போகிற காலம். அந்த நாட்களில் தாய்க்கு அளவுக்கு மீறித் தீவனம் போட்டால் இழை கூடுமா என்று உலகில் பலர் பார்த்திருக்கிறார்கள். சில சோதனைகளில் கூடியது, சிலவற்றில் கூடவில்லை. ஆகவே கொட்டிக் கொடுங்கள் என்று நான் சொல்வதில்லை. பட்டினி போடாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தாய் காய்ந்தால் குட்டியின் இழை குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

*

கலப்பினம் பற்றி ஒரு பண்ணைக்காரர் என்னிடம் கேட்டதைச் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கத்துக்காரர். கணக்கில் கெட்டி.

"ஏனுங்க டாக்டரம்மா, வெள்ளைக் கிடாவை நாட்டுப் பெட்டையோட சேர்த்தாலும், நாட்டுக் கிடாவை வெள்ளைப் பெட்டையோட சேர்த்தாலும் ரெண்டும் பாதிக்குப் பாதிதானுங்களே? அப்பறம் குட்டி ஏனுங்க வேற வேற மாதிரி வருது?"

பாதி காரணம் யாருக்கும் புரியும். தாயின் கருப்பை அளவும் பாலும் வேறு. மீதியைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. சில மரபணுக்கள் விஷயத்தில் உடம்பு, அப்பனிடமிருந்து வந்த பிரதியை மட்டும் பேசவிடும். ஆத்தாளிடமிருந்து வந்தது இருந்தும் ஊமை. வேறு சிலவற்றில் நேர்மாறு. இதை மரபணு முத்திரை என்று சொல்வோம். தசை வளர்ச்சிக்கு மிக வேண்டிய ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணு தந்தைவழிப் பிரதியைத்தான் பேசவிடும்.

2003-இல் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஆண்டர்சன் குழுவும் பெல்ஜியத்தின் லியேஜைச் சேர்ந்த ஜார்ஜஸ் குழுவும் சேர்ந்து பன்றியில் ஒன்றைக் கண்டார்கள். ஐ.ஜி.எஃப்.2 மரபணுவுக்குள், புரதமாக மாறாத ஒரு பகுதியில், ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருக்கிறது. 3072-ஆம் இடத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. காட்டுப்பன்றியில் ஜி. கொழுப்புக் குறைந்த கறிக்காகத் தேர்ந்து வளர்த்த இனங்களில் ஏ. புரதம் கொஞ்சமும் மாறவில்லை. மாறியது மதகு. அந்த இடத்தில் வழக்கமாக ஒரு புரதம் வந்து அடைப்புப் பலகையாக உட்காரும். எழுத்து மாறியதும் பலகை பொருந்தவில்லை. தண்ணீர் மூன்று மடங்கு ஓடுகிறது. அதுவும் பிறந்த பிறகு, தசையில் மட்டும். ஈரலில் மாற்றமில்லை, கருவின் தசையிலும் மாற்றமில்லை. அந்தப் பலகைப் புரதம் எது என்பதை 2009-இல் கண்டு ஜெட்பெட்-6 என்று பெயர் வைத்தார்கள். முதல்முறை அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அறுப்புக்கூடத்துப் பெரியவரிடம் நான் ஏதோ தோன்றியபடி சொன்ன ஏரிக்கணக்கு, எழுத்துக்கு எழுத்து அங்கே இருந்தது.

பண்ணைக்காரருக்கு இதை இப்படிச் சொன்னேன். "அந்த ஏ எழுத்து கிடாகிட்ட இருந்தா குட்டிக்குப் பலன் உண்டுங்க. பெட்டைகிட்ட மட்டும் இருந்தா அந்தக் குட்டியில பலன் தெரியாது. ஆனா அது ஆண்குட்டியா இருந்து, நாளைக்கு அது கிடாவானா, அதோட குட்டியில தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப பேரனுக்குப் போறது நடுவுல ஒளிஞ்சு போகுதுங்க" என்றார்.

மாட்டிலும் இதைப் பார்க்கலாம். நம் ஓங்கோல், கிர் போன்ற திமில் மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவானது பிராமன் இனம். பிராமன் காளையை ஐரோப்பியப் பசுவோடு சேர்த்தால் கன்று கனமாகப் பிறக்கும். ஐரோப்பியக் காளையை பிராமன் பசுவோடு சேர்த்தால் கன்று இளைத்துப் பிறக்கும். இரண்டும் பாதிக்குப் பாதிதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிராமன், ஆங்கஸ் இனங்களையும் அவற்றின் இருவழிக் கலப்பையும் நடுச்சினைக் கருவிலேயே எடுத்துத் தசைகளை நிறுத்து, இழைகளை அளந்து, 2013-இல் வெளியிட்டார்கள். தாயின் மரபும் தந்தையின் மரபும் தசையின் வெவ்வேறு பண்புகளை ஆள்கின்றன என்பதே அதன் சாரம். கலப்பினத்தை யாரும் பாலும் தண்ணீரும் கலந்ததுபோல நினைக்கக் கூடாது. என் முதல் ஆண்டு அட்டவணையில் கலப்பினம் நடுவில் வந்து உட்கார்ந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கம் என்னை வருத்துகிறது. முதல் தலைமுறைக் கலப்புக் குட்டிகள் ஒன்றுபோல் திரண்டு நிற்பதைப் பார்த்து, அதிலேயே ஒரு கிடாவைப் பொலிக்கு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த ஈற்றில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று கொழுப்பு. கலப்பு வீரியம் முதல் தலைமுறையில்தான் முழுசாக நிற்கும். அடுத்ததில் எழுத்துகள் பிரிந்து சிதறும். இதற்காகவே தூய நாட்டினமும் தனியாக, கலப்படம் இல்லாமல், நம் கையில் இருந்தாக வேண்டும். ஒரு பக்கத்து ஏரியைத் தூர்த்துவிட்டு இரண்டு ஏரித் தண்ணீரைக் கலக்க முடியாது.

*

"பெல்ஜியத்துல ஒரு மாடு இருக்குதாமே, உடம்பெல்லாம் கறியாமே, அதோட சினை ஊசி கிடைக்குமா?" என்று வருடத்துக்கு நாலு பேராவது போனில் கேட்கிறார்கள். பெல்ஜியன் புளூ. 1997-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மெக்பெரான், லாலர், லீ மூவரும் எலியில் மயோஸ்டேட்டினை நீக்கிப் பார்த்தார்கள். தசை இரண்டு மூன்று மடங்கு பெருத்தது. அதே ஆண்டு பெல்ஜியன் புளூவில் அந்த மரபணுவின் 11 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. கடிவாளம் அறுந்த மாடு. கன்று பெருத்து வருவதால் பெரும்பாலான பசுக்களுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் கன்றை எடுக்கிறார்கள். ஒவ்வொரு ஈற்றுக்கும். அதை நம் ஊர்ப் பசுவின் வயிற்றில் போடக் கேட்பவரிடம் நான் நயமாகப் பேசுவதில்லை. வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிக்கிறேன்.

பன்றியிலும் இப்படி ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் வாசலில் ஒரு பிழை. அந்தப் பன்றிக்குக் கறி கூடுதல். ஆனால் லாரியில் ஏற்றினால், வெயில் பட்டால், மிரண்டால், உடம்பு கொதித்து விறைத்துச் செத்துப்போகும். சாகாமல் வந்தாலும் கறி வெளிறி, நீர் கசிந்து கிடக்கும். காரணமான எழுத்தை 1991-இல் கண்டார்கள். அதன் பிறகு சோதித்துச் சோதித்து நீக்கினார்கள்.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சும் என் காதில் விழாத நாளில்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1957-ஆம் ஆண்டுக் கோழி வழியைக் கலக்காமல் காத்து வைத்திருந்தார்கள். அதையும் 2005-இன் கோழியையும் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56 நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். ஊசி இல்லை. ஐம்பது ஆண்டு விடாமல் தேர்ந்தெடுத்ததன் பலன். அந்த வேகத்துக்கு நெஞ்சுத் தசை கட்டைபோல் இறுகுவதும், கால் தாங்காமல் போவதும் விலையாக வருகின்றன. குற்றம் சொல்ல விரும்புகிறவர்கள் இதைச் சொல்லட்டும். இது உண்மை.

*

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். 1983-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு செம்மறிக் கிடா பிறந்தது. அதன் வழியில் வந்த குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறந்து சில வாரம் கழித்துப் பின்தொடை புடைத்துத் திரண்டது. காலிபைஜ் என்று பெயர் வைத்தார்கள். இருபது ஆண்டு ஆராய்ந்து, 18-ஆம் குரோமோசோமில் ஒரே எழுத்து மாற்றம்தான் காரணம் என்று கண்டார்கள். விந்தை அது வெளிப்படும் முறையில் இருக்கிறது. மாறிய எழுத்து அப்பனிடமிருந்தும், மாறாதது ஆத்தாளிடமிருந்தும் வந்தால்தான் தொடை திரளும். இரண்டு பிரதியும் மாறியிருந்தால் ஆடு சாதாரணமாகவே இருக்கும். ஆனால் அப்படி ஒரு கிடாவைச் சாதாரணப் பெட்டைகளோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் அத்தனையும் திரண்டு நிற்கும்.

கிடா பார்க்கச் சுமார்தான். அதுக்குப் பொறந்ததுகளைப் பாரு.

இதை அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். எங்கள் கிடாவிடம் இருந்தது இதுவே என்று சொல்லவில்லை. அந்தக் கிடா போய் எத்தனையோ காலமாயிற்று, அதன் இரத்தத்துளிகூட யாரிடமும் இல்லை. மேச்சேரிப் பெட்டைகளோடு பொருந்திய வீரியமாக இருந்திருக்கலாம், அந்த ஆண்டு மழையும் மேய்ச்சலுமாக இருந்திருக்கலாம். தன்னிடம் வெளியே தெரியாததை ஒரு கிடா குட்டிக்குக் கொடுக்க முடியும் என்பது மட்டும் உண்மை. அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். "அப்ப அன்னைக்கே எழுதி வெச்சிருக்கோணும். எந்தக் கிடாவுக்கு எந்தக் குட்டின்னு" என்றார்.

இருபது ஆண்டு பி.சி.ஆர். ஓட்டிவிட்டு நான் வந்து நிற்பதும் அந்த இடத்தில்தான். நம் நாட்டினங்களின் மதகுகள் எங்கே, எப்போது திறக்கின்றன என்று அறிய ஆய்வகத்தில் கருவி இருக்கிறது, நைட்ரஜன் இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். யாருக்கு யார் பிறந்தது என்ற ஏடு மட்டும் பெரும்பாலான பட்டியில் இல்லை. ஏடு இல்லாத குட்டியின் தசையை எத்தனை நுட்பமாக அளந்தாலும், அப்பன் வழியா ஆத்தாள் வழியா என்று எங்களால் பிரிக்க முடியாது.

ஆடோ பன்றியோ வளர்க்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சேர்த்த தேதி, கிடா எது, பெட்டை எது, ஈன்ற தேதி, குட்டிகள் எத்தனை. குட்டியின் ஈரம் உலர்ந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள், செத்துப்பிறந்ததையும் சேர்த்து. வயிறு தெரியாத மாதத்திலும் சினைத்தாய்க்குத் தீவனத்தைக் குறைக்காதீர்கள். நோட்டை மழையில் நனையாத இடத்தில் வையுங்கள். நாங்கள் வந்து கேட்போம்.